தனிக்குடித்தனம் போன கட்டளைகள்

பைத்தானில் எழுதிய ஒரு கட்டளைவரிக் கருவியின் ரீட்மீ கோப்பைத் திறந்தால், அதை நிறுவுவதற்கான வரி மேலேயே கண்ணில் படும். 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்த வரி ‘பைத்தான் செட்அப்.பை இன்ஸ்டால்’ என்று இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ‘ஈஸி இன்ஸ்டால்’ ஆனது. அடுத்த பத்தாண்டில் ‘சூடோ பிப் இன்ஸ்டால்’. இன்று ‘பிப்-எக்ஸ் இன்ஸ்டால்’ அல்லது ‘யு.வி. டூல் இன்ஸ்டால்’. பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் முதல் மூன்றும் கருவியைக் கணினி முழுவதற்கும் பொதுவான இடத்தில் கொண்டுபோய் வைத்தன. இன்றைய வரி அதைத் தனிக்குடித்தனம் வைக்கிறது. இந்த மாற்றம் முழுமையாக வர இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. நிரலாளர்களுக்குக் கிடைத்த வசதி என்றே பலரும் இதைப் பேசுகிறார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குத் தாமதமாகக் கிடைத்த நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

சிக்கலின் வேர் எளிமையானது. ஒரு பைத்தான் நிறுவலுக்கு ‘சைட்-பேக்கேஜஸ்’ என்று ஒரு கோப்புறை உண்டு. வெளியிலிருந்து வரும் லைப்ரரிகள் அதற்குள் போய் உட்காரும். நிரலில் ‘இம்போர்ட்’ என்று எழுதி லைப்ரரியின் பெயரைக் குறிப்பிடலாம். எந்தப் பதிப்பு வேண்டும் என்று சொல்ல அங்கே இடமில்லை. ஆகவே அந்தக் கோப்புறையில் ஒரு லைப்ரரிக்கு ஒரு பதிப்புதான். ஒரு கருவி பை-யாம்ல் லைப்ரரியின் பழைய பதிப்பைக் கேட்கிறது, இன்னொன்று புதியதைக் கேட்கிறது என்றால் இரண்டையும் அருகருகே வைக்க வழியில்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைக் கெடுத்துவிட்டுப் போகும். கெட்டது உடனே தெரியவும் தெரியாது. ஒரு மாதம் கழித்து, அந்தப் பழைய கருவியைத் தேடும் நாளில்தான் தெரியும்.

2000இல் பைத்தானோடு சேர்ந்து வந்த டிஸ்ட்யூடில்ஸுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. கிரெக் வார்டு முன்னின்று உருவாக்கிய அது, கோப்புகளை உரிய இடத்தில் நகலெடுத்து வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. என்னென்ன லைப்ரரிகள் தேவை என்பதைப் பயனர்தான் படித்துத் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். 2003இல் பை-பி-ஐ என்ற பொதுக் கிடங்கு வந்தது. 2004இல் பிலிப் ஜே. ஈபி செட்அப்டூல்ஸையும் ஈஸி இன்ஸ்டாலையும் கொண்டுவந்தார். கருவியின் பெயரைச் சொன்னால் போதும். அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் தாமாகவே இறங்கின. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த வசதி அன்று பெரிய விடுதலை. ஆனால் நிறுவியதை நீக்க அதில் கட்டளையே கிடையாது. கோப்புறைக்குள் போய்க் கையால் அழிக்க வேண்டும்.

ஈஸி இன்ஸ்டால் காலத்தின் இன்னொரு தொல்லையைக் கட்டளைவரிக் கருவி செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு தொடக்க நிரலை எழுதித் தரும். அந்த நிரல், ஓடத் தொடங்கியதும் கணினியில் இருக்கும் எல்லா பைத்தான் பேக்கேஜ்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, கேட்ட பதிப்புகள் கேட்டபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். உதவிக் குறிப்பை மட்டும் காட்டச் சொன்னாலும் இந்தச் சோதனை உண்டு. தாமதம் கண்ணுக்கே தெரியும். அதைவிடக் கொடுமை, வேறு யாரோ ஒரு லைப்ரரியைப் புதுப்பித்திருந்தால் ‘வெர்ஷன் கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு நீண்ட பிழைச் செய்தியைக் கொட்டிவிட்டுக் கருவி நின்றுவிடும். பயனருக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. அவர் ஒரு கோப்பை மாற்றவோ ஒரு படத்தைச் சுருக்கவோ வந்தவர்.

இதற்குப் பயந்து சில நல்ல கருவிகள் வெளி லைப்ரரிகளையே ஒதுக்கின. மெர்க்கூரியல் பைத்தானின் சொந்த நூலகத்தை வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டது. யூடியூப்-டிஎல் கட்டாயச் சார்பு எதுவும் இல்லாமல், ஒரே ஒரு ஜிப் கோப்பாகவே வெளிவந்தது. அந்தக் கோப்பை நேரடியாக இயக்கும் வசதி பைத்தானிலேயே இருந்தது. அதை ஒரு கோப்புறையில் போட்டு இயக்க அனுமதி கொடுத்தால் போதும். அழகான தீர்வுதான். ஆனால் எல்லோராலும் அப்படி எழுத முடியாது. ஏற்கெனவே நன்றாக எழுதிச் சோதித்த லைப்ரரி ஒன்று இருக்கும்போது, நிறுவல் சிக்கலுக்குப் பயந்து அதையே திரும்ப எழுதுவது யாருக்கும் நல்லதல்ல.

2008இல் இயன் பிக்கிங் எழுதிய பிப் வந்தது. நீக்கவும் தெரிந்த, பழக எளிய கருவி. ஆனால் லினக்ஸில் அதன் முன்னால் ‘சூடோ’ ஒட்டிக்கொண்டது. பொதுக் கோப்புறையில் எழுத நிர்வாகி அனுமதி வேண்டுமே. அதோடு அப்போதைய செட்அப்.பை என்பது வெறும் விவரப் பட்டியல் அன்று. நிறுவும்போது ஓடும் முழு நிரல். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை, கணினியின் முழு அதிகாரத்தோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் ஓடவிட்டோம். ஆயிரக்கணக்கான ரீட்மீக்கள் அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்தன.

லினக்ஸ் பகிர்மானங்களில் இந்த ஆபத்து இரட்டிப்பானது. அங்கே இயங்குதளத்தின் சொந்த வேலைகளே பைத்தானில் நடந்தன. சென்ட்ஓஎஸ் 6இல் மென்பொருள்களை நிறுவித் தரும் யம், கணினியோடு வந்த பைத்தான் 2.6ஐ நம்பியிருந்தது. 2.7 வேண்டும் என்று யாராவது ‘பைத்தான்’ என்ற பெயரைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் யம் நின்றுபோகும். பிழையைச் சரிசெய்யத் தேவையான கருவியே பிழையில் மாட்டிக்கொள்ளும். உபுண்டு 14.04இல் பிப் மூலம் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் புதுப்பித்தவர்களுக்குப் பிப்பே திறக்காமல் போனது. 2018 ஏப்ரலில் பிப்பின் 10ஆம் பதிப்பு வந்தபோது, ‘பிப்பைப் புதுப்பியுங்கள்’ என்று பிப் காட்டிய அறிவுரையை ஏற்றவர்கள் பலர், ‘மெயினை இறக்குமதி செய்ய முடியவில்லை’ என்ற பிழையில் போய் முட்டிக்கொண்டார்கள். பகிர்மானம் வைத்த தொடக்க நிரல் பழையது, பிப் போட்ட உள்ளடக்கம் புதியது. இரண்டும் ஒன்றையொன்று அறியாது. போதாக்குறைக்கு, 2020 நவம்பரில் 20.3 பதிப்பு வரும்வரை பிப்புக்கு முரண்களை ஒழுங்காகக் கணக்குப் போடத் தெரியாது. முதலில் கண்ட வேண்டுகோளை நிறைவேற்றிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இத்தனைக்கும் மருந்து கையருகிலேயே இருந்தது. பிப்புக்கு ஓராண்டு முன்பே, 2007இல், அதே இயன் பிக்கிங் விர்ச்சுவல்என்வ் என்ற கருவியை வெளியிட்டிருந்தார். தனக்கென ஒரு சைட்-பேக்கேஜஸ் வைத்திருக்கும் சிறு கோப்புறை அது. அதற்குள் என்ன நிறுவினாலும் வெளியில் தெரியாது, வேண்டாம் என்றால் கோப்புறையை அழித்தால் போதும். 2012இல் பைத்தான் 3.3 இந்த எண்ணத்தையே மொழிக்குள் எடுத்துக்கொண்டது. கார்ல் மேயர் எழுதிய பெப் 405 என்ற முன்மொழிவு ஆவணம் அதற்கு அடிப்படை. பைத்தான் தொடங்கும்போது தன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ ‘பைவென்வ்.சிஎஃப்ஜி’ என்ற சிறு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், ‘நான் தனிச்சூழலுக்குள் இருக்கிறேன்’ என்று கொண்டு, லைப்ரரிகளை அங்கேயே தேடும். மொத்த வித்தையும் அவ்வளவுதான். வேறு இயங்குதளமோ மெய்நிகர் எந்திரமோ இதில் கிடையாது.

அப்படியிருந்தும் இந்த வசதி பயனர்களைப் போய்ச் சேரவில்லை. மெய்நிகர் சூழல் என்றாலே முதலில் ‘ஆக்டிவேட்’ செய்ய வேண்டும் என்று பாடங்கள் எல்லாம் சொன்னன. ஒரு திட்டப்பணிக்குள் உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு அது பொருந்தும். ஒரு கருவியைப் பயன்படுத்த வந்தவரிடம், முதலில் இந்தக் கோப்புறைக்குப் போ, அதை உயிர்ப்பி, பிறகு கட்டளையைத் தட்டு, முடிந்ததும் வெளியே வா என்றால் அவர் ஓடிவிடுவார். ஆகவே மெய்நிகர் சூழல் நிரலாளருக்கு, சூடோ பிப் பயனருக்கு என்று பல ஆண்டுகள் கழிந்தன. பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அது கிடைக்கவில்லை.

உண்மையில் ஆக்டிவேட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பிப் ஒரு கருவியை நிறுவும்போது ‘பின்’ கோப்புறையில் எழுதித் தரும் சிறு நிரலின் முதல் வரியில், அந்தச் சூழலுக்குள் இருக்கும் பைத்தானின் முழு முகவரி இருக்கும். அந்த நிரலை எங்கிருந்து அழைத்தாலும் அது தன் சூழலுக்குள்தான் ஓடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சூழலை மறைவாக அமைத்து, அந்தச் சிறு நிரலுக்கு மட்டும் பயனரின் கட்டளைத் தடத்தில் ஓர் இணைப்பு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆர்மின் ரோனகர் எழுதிய பிப்சி இதைத்தான் செய்தது. 2018இல் சாட் ஸ்மித் தொடங்கிய பிப்-எக்ஸ் இதை ஒழுங்குபடுத்திப் பரப்பியது. பயனர் தட்டுவது கருவியின் பெயரை மட்டும்தான். பின்னால் ஒரு தனிச்சூழல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மென்பொருள்களைத் தொகுத்து வழங்குபவர்களும் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். ஸ்பாட்டிஃபை நிறுவனத்தில் உருவான டிஹெச்-விர்ச்சுவல்என்வ், ஒரு முழு மெய்நிகர் சூழலையே டெபியன் பொதிக்குள் அடைத்துத் தந்தது. மேக் பயனர்களின் ஹோம்ப்ரூ, பைத்தான் கருவி ஒவ்வொன்றையும் ‘லிப்எக்ஸெக்’ என்ற உட்கோப்புறையில் அதற்கான சூழலோடு நிறுவி, கட்டளையை மட்டும் வெளியே இணைக்கிறது. ஹோம்ப்ரூவின் செய்முறைக் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்ல பாடம். கருவி சார்ந்திருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் முகவரி, பதிப்பு, கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்யும் கைரேகை எண் எல்லாம் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கும். எதையும் ‘இருப்பதைக் கொண்டுவா’ என்று விட்டுவைப்பதில்லை. இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

முழு முகவரி எழுதிய அந்த முதல் வரியே சில இடங்களில் தலைவலியும் ஆனது. சூழலை ஓரிடத்தில் கட்டி இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் முகவரி பொய்த்துவிடும். டிஹெச்-விர்ச்சுவல்என்வ் போன்றவை அந்த வரிகளைத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. லினக்ஸ் கருவகம் முதல் வரியில் 127 எழுத்துகளுக்குமேல் படிக்காது என்பதும் ஒரு தடை. தானியங்கிக் கட்டுமான எந்திரங்களில் கோப்புறைக்குள் கோப்புறையாக முகவரி நீண்டுபோய், ‘தவறான மொழிபெயர்ப்பி’ என்ற புரியாத பிழையோடு கருவி நிற்கும். 2019இல் வந்த 5.1 கருவகம்தான் அந்த எல்லையை இரட்டிப்பாக்கியது.

தனிச்சூழல் பரவலாக வேறொரு முன்னேற்றமும் வேண்டியிருந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சி மொழிப் பகுதிகள் கொண்ட லைப்ரரியைப் புதிய சூழலில் நிறுவும் ஒவ்வொரு முறையும் அதை அங்கேயே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. எல்எக்ஸ்எம்எல் போன்ற லைப்ரரிக்குக் கம்பைலர் வேண்டும், லிப்எக்ஸ்எம்எல்2வின் தலைப்புக் கோப்புகள் வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். கருவிக்கொரு சூழல் என்றால் இந்தப் பாடு கருவிக்கொரு முறை. டேனியல் ஹோல்த்தின் வீல் வடிவம் 2013இல் ஏற்கப்பட்டு, 2016இல் லினக்ஸுக்கும் பொது வீல்கள் வந்த பிறகுதான் முன்கூட்டியே கட்டிய பொதியை அவிழ்த்து வைப்பதோடு நிறுவல் முடிந்தது. அதே 2016இல் பெப் 518 பைபிராஜெக்ட்.டாமல் கோப்பைக் கொண்டுவந்தது. கருவியின் விவரங்கள் ஓடும் நிரலிலிருந்து, படித்தால் புரியும் பட்டியலுக்கு இடம்பெயரத் தொடங்கின. இன்று ஒரு கட்டளையை அறிவிக்க அதில் ஒரே வரி போதும்: கட்டளையின் பெயர், எதிரே அதை இயக்கும் செயற்கூறு.

பிறகு 2023 வந்தது. அந்த ஜூனில் வெளியான டெபியன் 12இல் பழைய பழக்கத்தில் ‘சூடோ பிப் இன்ஸ்டால்’ தட்டியவர்கள் ஒரு மறுப்பைச் சந்தித்தார்கள்: இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது, இதில் கைவைக்காதே, மெய்நிகர் சூழலையோ பிப்-எக்ஸையோ பயன்படுத்து. சில வாரங்களுக்கு முன்னரே உபுண்டு 23.04 இதைச் செய்திருந்தது. பெப் 668 வகுத்த ஏற்பாடு இது. மீறியே ஆக வேண்டும் என்பவருக்காக ‘பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று ஒரு சொடுக்கியும் உண்டு. கணினியை உடைக்கப்போகிறாய் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அப்போது பலர் கோபப்பட்டார்கள். பழைய பாடங்கள், பழைய தானியங்கி நிரல்கள் எல்லாம் ஒரே நாளில் பொய்யாயின. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகளாகத் தவறான கதவைத் திறந்து வைத்திருந்தோம். அதை மூடும்போது சத்தம் எழத்தான் செய்யும். அதே ஆண்டு அக்டோபரில் பைத்தான் 3.12 வெளியானபோது, எல்லாவற்றுக்கும் முன்னோடியான டிஸ்ட்யூடில்ஸும் மொழியிலிருந்து விடைபெற்றது.

பெரிய நிறுவனங்களின் கருவிகளிலும் இதே நகர்வைப் பார்க்கலாம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கட்டளைக் கருவியின் முதல் பதிப்பு பிப் வழியாக வந்தது. டாக்யூடில்ஸ், பை-யாம்ல் போன்றவற்றுக்கு அது வைத்த மேல்வரம்புகள் பக்கத்துக் கருவிகளோடு அடிக்கடி மோதின. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு தனக்கு வேண்டிய பைத்தானையே உள்ளே வைத்துக்கொண்டு வருகிறது. கணினியில் பைத்தான் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

தனித்தனியாகப் போனதில் இழப்பும் இருக்கிறது. அதை மூடி மறைப்பது நேர்மையாகாது. டெபியனின் பழைய கொள்கை, ஒரு லைப்ரரிக்குக் கணினியில் ஒரே நகல் என்பது. பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஒரு நகலைத் திருத்தினால் எல்லாக் கருவிகளும் பிழைத்துக்கொள்ளும். இன்று இருபது கருவிகள் இருந்தால் யூஆர்எல்லிப்3இன் நகல்கள் பல சூழல்களில் கிடக்கும். ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டும். கிரிப்டோகிராஃபி லைப்ரரியின் வீல்களுக்குள் ஓப்பன்எஸ்எஸ்எல் சேர்ந்தே வருகிறது. இயங்குதளம் தன் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் திருத்தினாலும் அந்தத் திருத்தம் இந்தச் சூழல்களுக்குள் எட்டாது. அந்த லைப்ரரியின் பராமரிப்பாளர்கள் புதிய வீல் வெளியிட வேண்டும், பயனர் அதைக் கொண்டுவர வேண்டும். ‘பிப்-எக்ஸ் அப்கிரேட்-ஆல்’ என்ற கட்டளையை எத்தனை பேர் நினைவு வைத்து ஓட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை. கணினியின் பைத்தான் 3.11இலிருந்து 3.12க்கு மாறினால் பழையதைச் சுட்டிக்கொண்டிருந்த சூழல்கள் ஒட்டுமொத்தமாகச் செயலிழப்பதும் உண்டு. அப்போது எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும்.

வட்டில் இடம் வீணாகிறது என்ற பழைய குறை மட்டும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட யு.வி., ரஸ்ட் மொழியில் எழுதியது. ஒரு லைப்ரரியைக் கணினியில் உள்ள தன் கிடங்கில் ஒருமுறை வைத்துவிட்டு, ஹார்ட் லிங்க் மூலமோ எழுதும்போது மட்டும் நகலாகும் முறையிலோ சூழல்களோடு பகிர்ந்துகொள்கிறது. சூழல்களைப் பொறுத்தவரை ஒவ்வொன்றுக்கும் தனி நகல். வட்டில் இருப்பது ஒன்றுதான். தேவைப்பட்டால் பைத்தானையே இறக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

இதன் பயன் யாருக்கு என்று கேட்டால் எனக்கு அச்சகத்திலும் பதிப்பகத்திலும் இருப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பாமினியிலும் டிஸ்கியிலும் தட்டி வைத்த பழைய தமிழ்க் கோப்புகள் இன்னும் எத்தனையோ வட்டுகளில் தூங்குகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் இருக்கின்றன. அது பை-பி-ஐயில் கிடைக்கிறது. அதை வைத்து ஒரு சிறு கட்டளையை எழுதுவது பைத்தான் தெரிந்த ஒருவருக்குப் பெரிய வேலையில்லை. அன்றைக்கு அதை ஒரு மெய்ப்புத் திருத்துநரின் கணினியில் போய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அவர் கணினியில் எந்தப் பைத்தான், எந்தப் பதிப்பு, இதை நிறுவினால் வேறு எது கெடும் என்று எதுவும் தெரியாது. இன்று ஒரு வரியை அனுப்பினால் அவர் தட்டிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வரியில் தடமில்லாமல் நீக்கிவிடலாம்.

ஒரு பெரிய குறை மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. கருவியை எழுதியவர் தன் கணினியில் எந்தெந்தப் பதிப்புகளோடு சோதித்தாரோ, அதே பதிப்புகள் பயனரின் சூழலுக்குள் வரும் என்ற உறுதி இல்லை. பிப்-எக்ஸ் இன்று நிறுவினால் இன்று கிடைக்கும் புதிய பதிப்புகளைத்தான் கொண்டுவரும். ஆறு மாதம் கழித்து நிறுவுபவருக்கு வேறு வந்து சேரும்; நடுவில் ஒரு லைப்ரரி மாறியிருந்தால், கருவியில் ஒரு எழுத்தும் மாறாமலே அது உடைந்துபோகும். பிரெட் கேனன் எழுதிய பெப் 751, சார்புகளின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் பூட்டுக் கோப்புக்குப் பொதுவான ஒரு வடிவத்தை வகுத்தது. அது ஏற்கப்பட்டது 2025 மார்ச்சில். கருவியோடு அந்தக் கோப்பும் பயணப்பட்டு, நிறுவும்போது மதிக்கப்படும் நிலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

அதுவரை, கருவி எழுதுபவர்கள் சார்புகளின் பதிப்பைத் துல்லியமாகவே குறித்துவிடலாம் என்பது என் கருத்து. பொதுக் கோப்புறை காலத்தில் அப்படிக் குறிப்பது பக்கத்துக் கருவியை உடைக்கும் செயல். சரியாகவே எல்லோரும் திட்டினார்கள். தனிச்சூழலில் அது யாரையும் இடிக்காது. உங்கள் கருவியைப் பிறர் லைப்ரரியாகவும் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதை இரண்டு பேக்கேஜாகப் பிரித்துவிடுங்கள். லைப்ரரிக்குத் தளர்வான வரம்பு, கட்டளைக்கு இறுக்கமான பதிப்பு. பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில் புதிய பதிப்பை உடனே வெளியிடும் பொறுப்பும் அதோடு உங்களுடையதாகிறது. ரீட்மீயின் அந்த வரிக்குக் கீழே, புதுப்பிப்பதற்கான வரியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.